மூன்று டப்பா காலி, கோபம் மட்டும் மிச்சம்

போன வாரம் தோழி என் க்ரீம் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "இதுல ஆல்கஹால் இருக்குடி, இதையா மூணு வருஷமா பூசுற?" என்று அலறினாள்.

அவள் பார்த்தது செட்டைல் ஆல்கஹால். இதுவும் ஆல்கஹால்தான், ஆனால் கொழுப்பு வகை. சானிடைசர் மாதிரி ஆவியாகித் தோலை வறட்டாது. கையில் எடுத்தால் மெழுகுவர்த்தித் துணுக்கு மாதிரி இருக்கும். 1817-இல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் திமிங்கலத் தலை மெழுகிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பெயரும் திமிங்கலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். பயப்படாதீர்கள், இப்போது பெரும்பாலும் பாமாயில், தேங்காய் எண்ணெய் வகையறாதான். அமெரிக்காவில் இது சேர்ந்த க்ரீமிலும் "ஆல்கஹால் இல்லாதது" என்று போட்டுக்கொள்ளலாம்.

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் க்ரீம் கெட்டியாக நிற்க இது கைகொடுக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது ஸ்கூட்டர் டிக்கியில். மே மாத வெயிலில் ஒரு டப்பாவை அதற்குள் மறந்துவிட்டேன். இந்த மெழுகு 49 டிகிரி வாக்கில் உருகிவிடும். மாலையில் திறந்தால் திரிந்த பால்! ஆற வைத்தும் பழைய பதம் திரும்பவில்லை, மணல் மணலாக இருந்தது.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளை. சோப்பு போட்டுக் கழுவாத கை மாதிரி. இந்த வகை மெழுகு அதிகமுள்ள க்ரீமைத் தேய்க்கும்போது நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சேர்ந்து இப்படி நுரைக்கும். கொஞ்சம் டைமெதிக்கோன் என்ற சிலிக்கோன் சேர்த்தால் குறையும். சேர்த்திருக்கலாமே! என் மாநிறக் கையில் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு கோடு. காலையில் பஸ் வரும் அவசரத்தில் இதை யார் தேய்த்துக்கொண்டு நிற்பது? கறுப்புச் சுடிதார் கையெல்லாம் கறை.

பாதுகாப்பு பற்றி எனக்குப் புகார் இல்லை. பித்தவெடிப்பு போயே போச்சு, ஏசி அறையில் கை வறள்வதில்லை, முகத்தில் ஒரு பரு கூட வரவில்லை. அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும், அதிலும் காலில் நாள்பட்ட புண் இருப்பவர்களுக்கு. அப்பாவுக்கு அப்படி ஒரு புண் இருந்ததால் இந்த டப்பாவை அவர் பக்கமே கொண்டுபோகவில்லை.

இவ்வளவு சொல்லியும், நாலாவது டப்பா வாங்கப் போவதில்லை. நேற்றும் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா, "கையில என்னம்மா, கோலமாவா?" என்று கேட்டுவிட்டார்.