தொடக்கக்காரர் பாக்சிங் செட்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

ஆன்லைனில் ‘பிகினர் பாக்சிங் செட்’ என்று ஒரே பையில் போட்டு விற்பதில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: உள்ளே எதுவும் அடைக்காத 3 அடி பஞ்சிங் பேக், அதைத் தொங்கவிடச் சங்கிலி, மெல்லிய கிளவுஸ் ஒரு ஜோடி, நீளம் குறைந்த பேண்டேஜ். சிலவற்றில் ஸ்கிப்பிங் கயிறும் மவுத் கார்டும் சேர்ந்து வரும். தனித்தனியாக வாங்குவதைவிட லாபம் என்று தோன்றும். ஆனால் ஜாப், க்ராஸ், ஹுக், அப்பர்கட் ஆகிய நான்கு அடிப்படைக் குத்துகளையும் கை கெடாமல் கற்றுக்கொள்ள இந்தச் செட் உதவுமா என்று ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் தேறாது. செட்டாக வாங்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

முதலில் பேண்டேஜ், அதாவது கிளவுஸுக்குள் கையில் சுற்றிக்கொள்ளும் துணிப்பட்டை. கடைகளில் ஹேண்ட் ராப் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். செட்டில் வருவது 2.5 முதல் 3 மீட்டர் நீளம். சிறுவர்களுக்கும் மிகச் சிறிய கை உள்ளவர்களுக்கும் அது போதும். பெரியவர் கைக்கு மணிக்கட்டைச் சுற்றி முடித்து விரல் முட்டிக்கு வருவதற்குள் துணி தீர்ந்துவிடும். வாங்க வேண்டியது 4.5 மீட்டர், அதாவது 180 இஞ்ச். சுத்தமான பருத்தித் துணி நெடுநாள் உழைக்கும், ஆனால் கையின் வளைவுக்கு இசைந்து படியாது. சற்றே இழுபடும் ரகம் நன்றாகப் படியும்; இழுத்து இறுக்கிவிடும் ஆபத்தும் அதில்தான் அதிகம். கட்டி முடித்த இரண்டு நிமிடத்தில் விரல் நுனி மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். உறைபோல மாட்டிக்கொள்ளும் ஜெல் பேண்டேஜ் வசதியாக இருக்கும். ஆனால் மணிக்கட்டுக்குப் போதிய பிடிப்புத் தராது என்பதால் தொடக்கக்காரருக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை.

கட்டும் முறைதான் பொருளைவிட முக்கியம். துணியின் முனையில் உள்ள வளையத்தில் கட்டைவிரலை மாட்டியதும் துணி புறங்கை வழியாக மணிக்கட்டுக்குப் போக வேண்டும். உள்ளங்கை வழியாகப் போனால் முஷ்டியை மூடும்போது சுற்று தளர்ந்துவிடும். மணிக்கட்டில் 3 சுற்று. அங்கிருந்து புறங்கையில் குறுக்கே ஏறி விரல் முட்டிகளின் மேல் 3 சுற்று. அடுத்து மணிக்கட்டிலிருந்து கிளம்பி சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே நுழைத்து மணிக்கட்டுக்கே திரும்புங்கள். மற்ற இரண்டு இடைவெளிகளிலும் அதையே செய்யுங்கள். கட்டைவிரலை ஒருமுறை சுற்றிப் பூட்டி, மீதித் துணியை முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் பகிர்ந்து, வெல்க்ரோவை மணிக்கட்டில் ஒட்டுங்கள். சுற்றும் நேரம் முழுக்க விரல்கள் அகல விரிந்திருக்க வேண்டும். விரலைச் சேர்த்து வைத்துக் கட்டினால், முஷ்டி மூடும்போது முட்டிகள் விரிய இடமிருக்காது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. அடி விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் முட்டிகளில். பழகாத கையில் அது சுண்டுவிரல் பக்கம் விழும். அந்த விரலின் அடியில் உள்ள உள்ளங்கை எலும்பு, முட்டியை ஒட்டிய இடத்தில் முறிவதற்கு மருத்துவர்கள் ‘பாக்சர்ஸ் ஃப்ராக்சர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது கிளவுஸ். செட்டில் வருவது 4 முதல் 6 அவுன்ஸ் பேக் கிளவுஸ். கைக்கு லேசாக இருக்கும், வேகம் வந்துவிட்டதுபோலத் தோன்றும், முட்டிக்குக் காப்பு இருக்காது. ஒரு அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 28 கிராம். 12 அவுன்ஸ் கிளவுஸ் ஒவ்வொன்றும் 340 கிராம் இருக்கும். அமெச்சூர் போட்டிகளிலேயே எடைப்பிரிவுக்கு ஏற்ப 10 அல்லது 12 அவுன்ஸ்தான் போடுகிறார்கள் என்றால், தினமும் பேக்கில் நூற்றுக்கணக்கில் குத்தும் பயிற்சிக்கு அதைவிடக் குறைவாகப் போட எந்த நியாயமும் இல்லை. 55 முதல் 70 கிலோ வரை உள்ளவர் 12 அல்லது 14 அவுன்ஸ் எடுக்கலாம், அதற்கு மேல் எடை உள்ளவர் 14 அல்லது 16. ஸ்பாரிங்குக்கு, அதாவது எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சிக்கு, 16 அவுன்ஸ் தனியாக வேண்டும். பேக்கில் அடித்து உள்ளே பஞ்சு நைந்துபோன கிளவுஸோடு எதிராளியின் முகத்தில் குத்தக் கூடாது.

கிளவுஸை ஆன்லைனில் வாங்குவதைவிடக் கடையில் பார்த்து வாங்குவது நல்லது. சென்னையில் இருப்பவர்கள் நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டுக் கடைகளுக்குப் போகலாம். போகும்போது பேண்டேஜையும் எடுத்துச் சென்று கட்டிக்கொண்டு போட்டுப் பாருங்கள். வெறுங்கைக்குச் சரியாக இருக்கும் கிளவுஸ் பேண்டேஜோடு நுழையாது. பார்க்க வேண்டியவை நான்கு. முட்டி இருக்கும் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் மறுபக்கம் கை தட்டுப்படக் கூடாது. முஷ்டி முழுவதும் மூட வேண்டும்; பாதி மூடியபடி நின்றால் அடி விரலின் நடுக்கணுவில் விழும். கட்டைவிரல் பகுதி கிளவுஸின் உடலோடு பட்டியால் தைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் வரும் ஹுக்கில் அது பேக்கில் மாட்டித் திரும்பிவிடும். நான்காவது, வெல்க்ரோ பட்டை. மணிக்கட்டு மூட்டையும் தாண்டி முன்கையில் ஏறி, முழுச் சுற்றும் சுற்றிவர வேண்டும். மெல்லிய கிளவுஸில் பட்டை இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். தோல் அசலா ரெக்சினா என்பது இவற்றுக்குப் பிறகு வரும் கேள்வி; முதல் வருடத்துக்கு ரெக்சின் போதும்.

நல்ல கிளவுஸின் அருமை குத்தும்போது தெரியும். வலது கைக்காரர் இடது காலை முன்வைத்து நிற்பது ஆர்த்தடாக்ஸ், இடது கைக்காரர் வலது காலை முன்வைப்பது சவுத்பா. கால்கள் தோள் அகலத்தில், முழங்கால் லேசாக மடங்கி, பின்கால் குதிகால் தரையிலிருந்து சற்றே எழும்பி, தாடை இறங்கி, முழங்கைகள் விலாவைக் காத்தபடி நிற்க வேண்டும். ஜாப் முன்னால் இருக்கும் கையால் நேராகப் போகும் குத்து. கடைசி நொடியில் முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும், தோள் உயர்ந்து தாடையை மூடும், போன பாதையிலேயே கை திரும்பி வரும். குத்துவதற்கு முன் கையைக் கீழே இறக்கி எடுப்பதும், முழங்கையை வெளியே தூக்குவதும்தான் எல்லோருக்கும் வரும் தவறுகள். க்ராஸ் பின்னால் இருக்கும் கையால் போவது. அதன் பலம் பின்காலின் பாதம் சுழன்று இடுப்பைத் திருப்புவதில் இருக்கிறது. உடம்பை முன்னால் சாய்த்து, தலை முன் முழங்காலைத் தாண்டிவிட்டால், அடி தவறியதும் நிலை குலைந்து நிற்பீர்கள். இந்த இரண்டு நேர்க்குத்துகளையும் சுமாரான கிளவுஸ்கூடத் தாங்கும்.

ஹுக் அப்படியல்ல. முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் மடங்கி, முன்கை தரைக்கு இணையாக, முன்கால் பாதம் சுழல, பக்கவாட்டில் வரும் குத்து அது. முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருந்தால்தான் விசை தோளுக்குப் போகும். பேக் எதிரே ஆடிக்கொண்டிருக்கும்போது தொடக்கக்காரரின் மணிக்கட்டு உள்பக்கம் மடங்கும். நல்ல பட்டை அந்த மடக்கைத் தடுக்கும், குட்டைப் பட்டை தடுக்காது. மணிக்கட்டு வலியோடு முதல் மாதத்திலேயே பயிற்சியை விடுபவர்களில் பலர் ஹுக்கில் அடிபட்டவர்கள். எனவே முதல் சில வாரங்கள் ஹுக்கைக் கால்வாசி பலத்தில், ஆடாமல் நிற்கும் பேக்கில் மட்டும் அடியுங்கள்.

செட்டின் பெரிய ஏமாற்றம் அந்த 3 அடி பேக். தலை உயரத்துக்குத் தொங்கவிட்டால் விலாவுக்கு அடிக்க இடமிருக்காது, இறக்கினால் ஜாப் அடிக்கத் தலை இருக்காது. குறைந்தது 4 அடி வேண்டும், எடை உங்கள் உடல் எடையில் பாதியளவு இருந்தால் ஆடி ஓடாது. காலியாக வருவதால் பலர் மணலை நிரப்புகிறார்கள். மணல் அடிக்கு அடி கீழே இறங்கி, ஒரே வாரத்தில் கீழ்ப்பாதி கல்லாகிவிடும். இடுப்புக்கு அடிக்கும் ஹுக் அந்தக் கல்லில்தான் போய் விழும். நம் ஊரில் இதற்கு நல்ல சரக்கு, மெஷின் துடைக்க விற்கும் பனியன் வேஸ்ட். பழைய துணி போடுவதென்றால் பட்டன், ஜிப் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடுங்கள். அரை அடி நிரப்பியதும் கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அரை அடி என்று போகவேண்டும். சில வாரத்தில் துணி அமுங்கி மேலே காலியாகும், திரும்ப நிரப்புங்கள். கொக்கியை கான்கிரீட் தளத்தில் மட்டும் அடியுங்கள். ஃபால்ஸ் சீலிங்கும் ஜன்னல் கிரில்லும் எடையைத் தாங்கினாலும் ஆட்டத்தைத் தாங்காது.

அப்பர்கட்டை நேராகத் தொங்கும் பேக்கில் கற்க முயல வேண்டாம். கீழிருந்து மேலாக வரும் குத்துக்கு அங்கே படியப் பரப்பில்லை, முஷ்டி வழுக்கி மணிக்கட்டு பின்னால் மடங்கும். மாஸ்டர் கையில் மாட்டிப் பிடிக்கும் மெத்தையான மிட்டில் கற்கலாம். இல்லையென்றால் கண்ணாடி முன் ஷேடோ பாக்சிங்காக, வெறும் காற்றில் குத்திச் செய்யலாம்.

மற்றவை பற்றி அதிகம் சொல்ல இல்லை. கயிற்றின் நடுவில் நின்று பிடித்தால் கைப்பிடிகள் அக்குள் வரை வந்தால் சரி. மவுத் கார்டை வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதித்தபின், வாயைத் திறந்தாலும் மேல்வரிசைப் பல்லோடு ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் திரும்பப் பதியுங்கள். ஹெட் கார்ட் ஸ்பாரிங் வரும்வரை தேவையில்லை. அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்வைத் தடுக்காது. ஓட்டப்பயிற்சிக்கான தடித்த ஷூ பாதம் சுழல விடாது, தட்டையான அடி உள்ளதைப் போடுங்கள்.

பணத்தைப் பிரிப்பதானால் முதலில் 4.5 மீட்டர் பேண்டேஜ் இரண்டு ஜோடி, பிறகு கிளவுஸ், பிறகு கயிறு. ஜிம்மில் பேக் இருந்தால் வீட்டுக்கு வேண்டாம். பயிற்சி முடிந்ததும் கிளவுஸைப் பைக்குள் போட்டு மூடாதீர்கள். வெல்க்ரோவை அகலத் திறந்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வெயிலில் வைத்தால் ரெக்சின் வெடிக்கும். பேண்டேஜை அன்றன்றைக்கே துவைத்து, வெல்க்ரோ முனை உள்ளே இருக்கும்படி சுருட்டி வைத்தால், அடுத்த நாள் கட்டும்போது வளையம் முதலில் கைக்கு வரும்.