தாமே கவனிப்பதா, முகவரிடம் ஒப்படைப்பதா?

வீட்டை வாடகைக்கு விடுபவர் அதைத் தாமே கவனித்துக்கொண்டாலும், முகவரிடம் ஒப்படைத்தாலும், குடியிருக்கத் தகுந்த நிலையில் அதை வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளரை விட்டு நீங்குவதில்லை. முகவருக்குக் கைமாறுவது வேலைதான்.

தாமே கவனிப்பவருக்குச் செய்தி நேராக வருகிறது. கூரையில் கசியும் நீர் சுவிட்ச் பலகையை நோக்கி இறங்குகிறது என்று குடியிருப்பவர் சொன்ன அன்றே அவர் மின் பணியாளரை அனுப்பிவிடலாம். ஆனால் சொந்த வீடுதானே என்ற நினைப்பில் சொல்லாமல் உள்ளே நுழைவது இத்தகையோர் செய்யக்கூடிய பெருந்தவறு. அவசரம் தவிர்த்த வேளைகளில் 24 மணி நேரமாவது முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி.

நல்ல முகவர் முன்னறிவிப்பு, ரசீது, முன்பணக் கணக்கு ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருப்பார். ஆயினும் அவரிடம் தெரிவித்த பழுது, சட்டத்தின் பார்வையில் பொதுவாக உரிமையாளரிடமே தெரிவித்ததாகக் கொள்ளப்படும். அவர் மறந்துவிட்டாலும், இழப்பீடு கேட்டு வரும் நோட்டீஸ் உரிமையாளரின் பெயருக்கே வரக்கூடும். ஆகவே எந்தத் தொகை வரை அவரே பழுதுபார்க்கலாம், எத்தனை நாளுக்குள் தகவல் தர வேண்டும், முன்பணம் யாருடைய கணக்கில் இருக்கும் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

அருகிலேயே வசிப்பவர் தாமே கவனிப்பது நல்லது என்பது என் கருத்து. வெளியூரில் இருப்பவருக்கு முகவரே வழி. எனினும் குடியிருப்பவரிடம் தம் தொலைபேசி எண்ணையும் அவர் கொடுத்து வைக்கட்டும்.