ஒரே தாளில் அச்சடித்த இரண்டு பயணச்சீட்டுகள்

வெளிநாட்டுப் பயணத்துக்கு முகவர் வழியாகச் சீட்டு எடுப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் என்னைப் போன்ற வயதானவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். "முழுப் பயணத்துக்கும் ஒரே பிஎன்ஆரா, இரண்டா?" பிஎன்ஆர் என்பது விமான நிறுவனம் தரும் முன்பதிவு எண். இதைக் கேட்கத் தெரியாததால் நானும் என் மனைவியும் சென்ற நவம்பரில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏறத்தாழ 24 மணி நேரம் கிடந்தோம், கையிலிருந்து 58,000 ரூபாய் கூடுதலாகப் போயிற்று. சென்னையில் விமானம் தாமதமானதற்காக நான் யாரையும் குறை கூறவில்லை. அப்படி ஒரு தாமதம் நேர்ந்தால் அதன் சுமை முழுவதும் எங்கள் தலையில் விழும்படி சீட்டை அமைத்துவிட்டு, அதை எங்களிடம் மறைத்த முகவரைப் பற்றியதே இந்தப் பதிவு.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பும் தேதி முடிவாகாததால் போகும் வழிக்கு மட்டும் சீட்டு எடுப்பது என்று எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஒரு பயண முகவரிடம் போனேன். சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பெர்த், ஆளுக்கு 34,500 ரூபாய் என்றார். ஒரே விமான நிறுவனத்தில் போனால் 38,000 ஆகும், தம்மிடம் 3,500 குறைவு என்று பெருமையாகவும் சொன்னார். "இடையில் நாங்கள் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல சார், த்ரூ டிக்கெட்தான், பெட்டி நேரா பெர்த் போயிடும், முப்பது கிலோ" என்று வாயாலும் சொன்னார், வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். த்ரூ டிக்கெட் என்றால் கடைசி ஊர் வரைக்கும் ஒரே சீட்டு. அவர் எழுதி அனுப்பியதுதான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது.

அவர் கொடுத்த தாள் பார்ப்பதற்கு மிகவும் ஒழுங்காக இருந்தது. மேலே அவருடைய கடையின் பெயர், அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு முன்பதிவு எண், பிறகு இரண்டு விமானங்களின் நேரம். அந்தப் பெரிய எழுத்து எண் அவருடைய கடைக் கணக்கு எண் என்பதும், விமான நிறுவனம் தரும் ஆறு எழுத்து பிஎன்ஆர் ஒவ்வொரு விமானத்தின் ஓரத்திலும் பொடி எழுத்தில் தனித்தனியாக இருந்தது என்பதும், அந்த இரண்டும் வேறு வேறாக இருந்தன என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்தவன் நான். எண்ணைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. சொந்தப் பயணத்தில் அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

உண்மை முதலில் வெளிப்பட்டது மீனம்பாக்கத்தில், செக்-இன் கவுண்டரில். பெட்டியில் ஒட்டிய சீட்டில் கேயூஎல் என்று மட்டும் இருந்தது. அது கோலாலம்பூரின் குறியெழுத்து. பெர்த்துக்குப் போகும் பெட்டியானால் பிஇஆர் என்று இருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண், இது கோலாலம்பூர் வரைக்குமான சீட்டு, அங்கே பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அங்கிருந்தே முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அதெல்லாம் ஒரு நடைமுறை சார், நடுவுல அஞ்சு மணி நேரம் இருக்கு, தாராளம்" என்றார். இரவு 11:55 மணிக்குப் புறப்பட்டு, மலேசிய நேரப்படி காலை 6:40 மணிக்கு இறங்கி, 11:50 மணிக்கு அடுத்த விமானம் என்பது கணக்கு. தாளில் அது தாராளமாகத்தான் தெரிந்தது.

எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் சென்னைக்கு வந்து சேரவே தாமதம். முதலில் ஒரு மணி நேரம் என்று அறிவித்தார்கள், பிறகு மேலும் இரண்டு, பிறகு மேலும் என்று தவணை முறையில் நீண்டுகொண்டே போய், காலை 5:35 மணிக்குத்தான் புறப்பட்டது. மொத்தத் தாமதம் 5 மணி 40 நிமிடம். இந்த நிமிடக் கணக்கு எனக்கு மனப்பாடமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் வகுத்துள்ள விதிகளின்படி, இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் காத்திருக்கும் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடமும் தர வேண்டும். எங்களுக்கு அந்த ஆறு மணி நேரத்துக்கு இருபது நிமிடம் குறைந்துவிட்டது. உணவுகூட, கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது. கேட்காமல் நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போன பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. தாமதம் எவ்வளவு என்பதற்கு விமான நிறுவனத்திடம் எழுத்துமூலம் சான்று கேட்கலாம் என்று பக்கத்தில் இருந்த ஒரு கப்பல் ஊழியர் சொல்லிக்கொடுத்தார். கேட்டேன், மின்னஞ்சலில் அனுப்பினார்கள்.

கோலாலம்பூரில் நாங்கள் இறங்கும்போது மணி 12:20. பெர்த் விமானம் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் அது நின்றிருந்தாலும் எங்களால் பிடித்திருக்க முடியாது என்பது அடுத்த இரண்டு மணி நேரத்தில் புரிந்தது. பெட்டியை எடுக்க வேண்டுமானால் மலேசியாவுக்குள் நுழைய வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் அங்கே விசா தேவையில்லை என்பதால் பிழைத்தோம். விசா கேட்கும் நாடாக இருந்திருந்தால் பெட்டி ஒருபுறமும் நாங்கள் மறுபுறமுமாக நின்றிருப்போம். விசா இல்லாவிட்டாலும், வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டுமாம். அப்படி ஒன்று இருப்பதையே முகவர் சொல்லவில்லை. குடிநுழைவு வரிசையில் (மலேசியத் தமிழர்கள் இமிகிரேஷனை அப்படித்தான் சொல்கிறார்கள், நல்ல சொல்) முக்கால் மணி நேரம் நின்று, முனைக்குப் போனபின் விலக்கி அனுப்பப்பட்டு, விமான நிலைய வைஃபையில் கைப்பேசியைத் தட்டித் தட்டி அதை நிரப்பி, மறுபடியும் கடைசியில் போய் நின்றோம்.

பெட்டியை எடுத்து வெளியே வந்தால், நாங்கள் நிற்பது முதல் முனையம், பெர்த் விமானம் புறப்படும் இடம் இரண்டாம் முனையம். இடையே ரயிலில் சில நிமிடங்கள்தான், கட்டணம் 2 ரிங்கிட். எங்களிடம் ஒரு ரிங்கிட்கூட இல்லை. வங்கி அட்டையைத் தேய்த்தால் ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட்டால்தான் அது வேலை செய்யும். திறப்பதற்கான கடவுச்சொல் இந்திய எண்ணுக்கு வரும். அந்த எண்ணுக்கு ரோமிங் போட்டிருக்க வேண்டும். நான் போட்டிருக்கவில்லை. நல்லவேளையாக மனைவியின் கைப்பையில் மகளுக்கென்று மாற்றி வைத்திருந்த ஆஸ்திரேலிய டாலர் இருந்தது.

இரண்டாம் முனையக் கவுண்டரில் இருந்தவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். தாளை வாங்கிப் பார்த்ததுமே, "அங்கிள், இது ரெண்டு தனி டிக்கெட். நீங்க ஏன் லேட்னு எங்க சிஸ்டத்துக்குத் தெரியாது. வராத பயணின்னுதான் காட்டுது" என்றார். ஒரே பிஎன்ஆரில் இரண்டு விமானங்களும் இருந்திருந்தால், முதல் விமானம் தாமதமானதும் அடுத்த விமானத்தில் இடம் பார்த்துக் கொடுப்பது ஏற்றி வந்த நிறுவனத்தின் பொறுப்பாக இருந்திருக்கும். எங்கள் சீட்டிலோ முதல் நிறுவனம் கோலாலம்பூரில் இறக்கிவிட்டதோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாங்கள் வீட்டில் தூங்கிவிட்டு வராமல் போனவர்கள். இரண்டு நிறுவனங்களின் நிலையும் சட்டப்படி சரி என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார்: தவறிப்போன அந்தச் சீட்டில் கைப்பைக்கு 7 கிலோ மட்டுமே இருந்தது, பெட்டிக்குப் பணமே கட்டப்படவில்லை. முப்பது கிலோ என்று முகவர் எழுதியது முதல் விமானத்துக்கு மட்டும். நேரத்தோடு வந்து சேர்ந்திருந்தாலும் பிரசவ லேகியமும் பருப்புப் பொடியும் அடைத்த பெட்டிக்கு அந்தக் கவுண்டரில் தண்டம் கட்டியிருப்போம்.

மறுநாள் அதே 11:50 விமானத்துக்குப் புதிதாக இரண்டு சீட்டு, பெட்டிக் கட்டணத்தோடு 58,000 ரூபாய். மகள்தான் பெர்த்திலிருந்து கட்டினாள். நிறைமாதத்தில் இருப்பவளைக் கவலைப்பட வைத்துவிட்டோமே என்று மனைவி அழுதது எனக்குப் பணத்தைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டாம் முனையத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும், ஒருவர் படுக்கும் அளவே உள்ள அடுக்கு அறைகள் உண்டு. ஏணி ஏறிப் படுக்க மனைவியின் முழங்கால் இடம் கொடுக்காது என்பதால் இருக்கையிலேயே இரவைக் கழித்தோம். அவளுடைய சர்க்கரை நோய் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்திருந்தது ஒன்றுதான் நாங்கள் புத்தியோடு செய்த காரியம். குளிர்சாதனம் அங்கே இரவில் எலும்பைத் தொடும். ஒரு போர்வையோ சால்வையோ கையில் இருப்பது நல்லது.

ஊர் திரும்பிய பிறகு முகவரிடம் போனேன். தாளின் அடியில், படிக்கக் கண்ணாடி வேண்டிய அளவில், "விமான மாற்றம் பயணியின் பொறுப்பு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்ததைக் காட்டி, "எல்லாம் போட்டிருக்கு சார்" என்றார். பயணக் காப்பீடும் அவரிடமே எடுத்ததுதான். அந்தப் பாலிசியில், ஒரே பயணச்சீட்டில் அமைந்த இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் மட்டுமே இழப்பீடு என்று இருந்ததால் அந்தக் கதவும் மூடிக்கொண்டது. இரண்டு சீட்டாக விற்றவரே, ஒரு சீட்டுக்கு மட்டும் பயன்படும் காப்பீட்டையும் விற்றிருக்கிறார்.

தனித்தனிச் சீட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கைப்பையோடு மட்டும் போகும் இளைஞர்கள், நடுவில் ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்க்க விட்டுவைத்து அப்படி எடுக்கிறார்கள். தெரிந்து எடுத்தால் அது அவர்களுக்கு லாபம். தெரியாதவர்களிடம் அதை ஒரே சீட்டு என்று சொல்லி விற்பது வேறு. ஆகவே முகவரின் தாளை நம்பாமல், அதில் உள்ள பிஎன்ஆரை விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சென்னை முதல் கடைசி ஊர் வரை எல்லா விமானங்களும் அந்த ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். முதல் விமானம் மட்டும் தெரிந்தால் அன்றே கேளுங்கள். பெட்டியில் சீட்டு ஒட்டும் நேரத்தில் கேட்டு எங்களைப் போல விழிக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிந்தேன். முகவர் அசையவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியே மனு கொடுத்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப்பில் அவர் எழுதிய "த்ரூ டிக்கெட், 30 கிலோ", சென்னையில் வாங்கிய தாமதச் சான்று, கோலாலம்பூர் ரசீதுகள் எல்லாவற்றையும் இணைத்தேன்.

இதற்கிடையில், பறக்காத பயணத்தின் விமான நிலைய வரியையாவது திருப்பித் தரும்படி இரண்டாவது விமான நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன். அந்த வரி, இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,000 ரூபாய், சீட்டு வாங்கப்பட்ட கணக்குக்கே முன்னரே அனுப்பப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அந்தக் கணக்கு முகவருடையது. அந்தக் கடிதத்தையும் மனுவோடு சேர்த்தேன். ஆணையத்தின் நோட்டீஸ் போன மறுவாரம், முகவர் எதுவும் சொல்லாமல் 3,000 ரூபாயை என் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று ஆள் மூலம் கேட்டு அனுப்பினார். முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். விசாரணைத் தேதி அடுத்த மாதம்.