வயலின் ஹார்மோனிக்ஸ் எழுத லிலிபாண்ட்: நெடுநாள் அனுபவம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக்குறிப்பில்) பிரதி தயாரித்துத் தருகிறேன். பல வருடங்களாக லிலிபாண்ட், அவசரத்துக்கு மியூஸ்ஸ்கோர். இரண்டும் இசைக்குறிப்பு எழுதும் இலவச மென்பொருள்கள். ஹார்மோனிக்ஸ், அதாவது தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய உச்ச ஒலி, எழுதுவதைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

லிலிபாண்டில் மவுஸுக்கு வேலையில்லை. நோட்டுகளை எழுத்தாகத் தட்டச்சு செய்தால் பக்கமாக அச்சுக்கோத்துத் தருகிறது. வெற்றுத் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் இயற்கை ஹார்மோனிக்ஸுக்கு 'ஃப்ளாஜியோலெட்' என்ற கட்டளை போதும். நோட்டின் மேல் சிறு வட்டம் வந்துவிடும்.

ஒரு விரலால் தந்தியை அழுத்தி, இன்னொரு விரலால் மேலே லேசாகத் தொடும் செயற்கை ஹார்மோனிக்ஸில்தான் மென்பொருளின் சரக்கு தெரியும். விரல் அழுத்தும் இடத்துக்குச் சாதாரண நோட்டுத் தலை, அதற்கு மேலே தொடும் இடத்துக்கு வைர வடிவத் தலை. லிலிபாண்டில் குரோச்செட் (கறுப்புத் தலை கொண்ட கால் நோட்டு) ஆனாலும் வைரம் வெள்ளையாகவே நிற்கிறது. அதுதான் முறை, கால அளவைக் கீழ்த்தலை சொல்லும், வைரம் இடத்தை மட்டும் காட்டும். மியூஸ்ஸ்கோரில் சாதாரண வைரத் தலையைத் தேர்ந்தெடுத்தால் குரோச்செட்டுக்குக் கறுப்பாக நிரம்பிவிடும். மினிம் (அரை நோட்டு) போல வெள்ளைத் தலைக்கு மாற்ற வேண்டும். புள்ளி வைத்த நோட்டில் வைரத்துக்கும் புள்ளி வேண்டுமா என்பதையும் லிலிபாண்ட் நம்மிடமே விடுகிறது. எனக்கு வேண்டாம், பக்கம் சுத்தமாக இருக்கட்டும்.

கணினி வாசித்துக் காட்டுவதை இந்த விஷயத்தில் நம்பக்கூடாது. லிலிபாண்ட் தரும் மிடி கோப்பில் (கணினி வாசித்துக் காட்டும் கோப்பு) எழுதிய இரண்டு நோட்டுகளும் சேர்ந்து ஒலிக்கும். உண்மையில் சட்ஜமத்தை அழுத்திச் சுத்த மத்யமத்தைத் தொட்டால், மீதித் தந்தி நான்கு பாகமாக அதிர்ந்து இரண்டு ஸ்தாயி மேலே சட்ஜமம் பேசும். பஞ்சமத்தைத் தொட்டால் ஒரு ஸ்தாயி மேலே பஞ்சமம். அந்தர காந்தாரம் என்றால் இரண்டு ஸ்தாயி மேலே அதே காந்தாரம். கர்நாடக வயலின் படித்த பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடிபடுகிறது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் குழுவுக்கு வருபவர்களில் அவர்களே அதிகம். பலர் தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டிய சுருதியைக் கலைக்க விரும்புவதில்லை, நியாயம்தான். ஆனால் மேற்கத்திய ஜி-டி-ஏ-ஈ சுருதிக்காகப் போட்ட வட்டம் அவர்கள் தந்தியில் பல நேரம் செல்லாது. அந்தச் சுரத்துக்கான வெற்றுத் தந்தியே இருக்காது. அதனால் அவர்கள் பிரதியில் முடிந்தவரை செயற்கை ஹார்மோனிக்ஸாகவே எழுதுகிறேன். இரண்டு விரலும் ஒரே தந்தியில் இருப்பதால் எந்தச் சுருதியானாலும் கணக்கு மாறாது. ஒலிக்க வேண்டிய சுரத்தை அடைப்புக்குறிக்குள் மூன்றாவது சிறு தலையாகவும் சேர்க்கலாம். ஆனால் அது ஐந்து கோட்டுக்கு மேலே ஏணிபோல ஏறி, மேல்வரியை முட்டும். ஒத்திகைப் பிரதியில் வைப்பேன், மேடைப் பிரதியில் எடுத்துவிடுவேன்.

ஃபினாலே என்ற இன்னொரு இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டபோது லிலிபாண்டின் மதிப்பு இன்னும் கூடியது. என் கோப்புகள் வெறும் எழுத்துகள். எந்தக் கணினியிலும் திறக்கும்.

எனக்கு மீதமிருக்கும் தொல்லை ஜெராக்ஸ் கடையில். ஹார்மோனிக்ஸ் வட்டமும் வெற்றுத் தந்தியைக் குறிக்கும் பூஜ்யமும் நகலெடுத்த தாளில் ஒன்றுபோலத் தெரிகின்றன. வட்டத்துக்குத் தனிப்பெயர் வைத்து அளவைக் கூட்டியிருக்கிறேன்; பெயர் ஒரே இடத்தில் இருப்பதால், ஒரு வரியைத் திருத்தினால் பிரதி முழுவதும் மாறிவிடுகிறது.