தபால்வழி ஏலத்தில் பறிபோன பச்சைச் சங்கு

தபால்தலை சேகரிப்பவர்கள், அதிலும் திருவிதாங்கூர், கொச்சித் தலைகளைத் தேடி வாங்குகிறவர்கள், தபால்வழி ஏலத்தில் இறங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள். ஒரே ஏல நிறுவனத்திடம் ஓராண்டுக்குள் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் முறை வாங்கும்போது. இரண்டாம் முறை விற்கக் கொடுத்தபோது. முதலில் போனது பணம். அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அடுத்துப் போனது என் அப்பா வைத்திருந்த தலை. அது வரவில்லை.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். தீர்ப்பு வரும் முன் பெயரை எழுதுவது முறையாக இருக்காது. பெயர் தெரிவதைவிட ஏமாற்றிய விதம் தெரிவதுதான் உங்களுக்கு அவசியம். அதே விதத்தில் வேறொருவரும் ஏமாற்றலாம்.

நான் நாகர்கோவில்காரன். 1956இல் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எங்கள் பக்கம் மலையாளச் சீமையோடு இருந்தது. அந்தச் சீமையில் மன்னராட்சி நாடாக இருந்த திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்ற சொந்தத் தபால்துறை இருந்தது. சொந்தத் தலைகள், சொந்த நாணயக் கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். முதல் தலைகள் 1888 அக்டோபர் 16 அன்று வந்தன. ஒரு சக்கரம் நீலம், இரண்டு சக்கரம் சிவப்பு, நான்கு சக்கரம் பச்சை. மூன்றிலும் நடுவில் சங்கு. 1939இல் வந்த வரிசையில் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை அணையும் இருக்கின்றன. நம் ஊர் அணை தபால்தலையில் இருக்கிறது என்று சிறுவயதில் அப்பா எடுத்துக் காட்டிய நாளிலிருந்து எனக்கு இந்தப் பித்து.

தபால்வழி ஏலம் நடக்கும் விதத்தைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நிறுவனம் ஒரு பட்டியல் புத்தகம் அச்சிட்டு அனுப்பும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லாட் எண், ஒரு வரி விவரம், மதிப்பு விலை. சிலவற்றுக்குப் படமும் இருக்கும். வேண்டிய லாட் எண்ணையும், அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதையும் படிவத்தில் எழுதி, கடைசித் தேதிக்குள் தபாலில் அனுப்ப வேண்டும். எல்லா உறைகளையும் பிரித்து, அதிகம் கேட்டவருக்குப் பொருளைக் கொடுப்பார்கள். நேர்மையான இடங்களில், நீங்கள் எழுதிய முழுத் தொகையையும் வாங்க மாட்டார்கள். உங்களுக்கு அடுத்து நின்றவர் கேட்டதற்கு ஒரு படி மேலே வைத்து முடிப்பார்கள். நீங்கள் 5,000 எழுதி, அடுத்தவர் 3,000 எழுதியிருந்தால் 3,100க்கோ 3,200க்கோ உங்களுக்குக் கிடைக்கும்.

கூடத்தில் நடக்கும் ஏலத்தில் எதிரே கேட்பவரின் முகம் தெரியும். இங்கே தெரியாது. அடுத்து நின்றவர் யார், எவ்வளவு கேட்டார், அப்படி ஒருவர் இருந்தாரா என்பதெல்லாம் உறையைப் பிரித்தவருக்கு மட்டுமே தெரியும். நம் மடியில் எவ்வளவு இருக்கிறது என்பதை விற்கிறவரிடமே எழுதிக் கொடுத்துவிட்டு, குறைத்து வாங்கிக்கொள்வார் என்று நம்பிக் காத்திருக்கிறோம். இந்த நம்பிக்கைக்கு இருக்கும் ஒரே பிடிமானம், பட்டியலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் விதிகள். நான் அவற்றைப் படிக்காமலே படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டு ஏலங்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 800 எழுதியது 620க்கு வந்தது. 1,500 எழுதியது 1,150க்கு வந்தது. தலைகளும் சொன்னபடியே இருந்தன. எண்ணெய்த்தாள் உறையில் போட்டு, இருபக்கமும் அட்டை வைத்து, அக்கறையாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கட்டைப் பார்த்தே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்றாவது பட்டியலில் வந்தது அந்தத் தொகுதி. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது சக்கரக் கணக்கு போய் அணா, பைக் கணக்கு வந்தது. கையிருப்பில் இருந்த திருவிதாங்கூர்த் தலைகள்மேல் புதிய விலையை அச்சடித்து விற்றார்கள். இந்த மேலச்சில் பல பிழைகள் நேர்ந்தன. தலைகீழாக விழுந்தது, இரண்டு முறை விழுந்தது என்று பல வகை. பிழை உள்ள தலைக்குத்தான் சேகரிப்பவர்களிடம் விலை அதிகம். பட்டியலில் இருந்தது எட்டுக் காசுத் தலையில் ‘நான்கு பை’ என்று தலைகீழாக மேலச்சு விழுந்த, முத்திரை குத்திய, நான்கு தலைகள் ஒட்டியபடியே இருந்த தொகுதி. கறுப்பு வெள்ளையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு படம். நான் 9,000 எழுதினேன். சரியாக 9,000க்கே எனக்கு முடிந்ததாகக் கடிதம் வந்தது. கமிஷன் பத்து சதவீதம், தபால் செலவு எல்லாம் சேர்த்து 10,050 கட்டினேன். அதே ஏலத்தில் எனக்குக் கிடைத்த மற்ற இரண்டு லாட்டுகளும் நான் எழுதிய உச்சத் தொகைக்கே முடிந்திருந்தன. வேறொருவர் அதே தொகையைக் கேட்டு, என் உறை முந்தி வந்திருக்கலாம். ஒன்றில் அப்படி நடக்கும். மூன்றிலும் அப்படி நடக்குமா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

தொகுதி வந்ததும் ஆல்பத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். அந்தப் பணத்தை ஈடுகட்ட வேண்டும் என்று, அப்பாவின் 1888 தலைகள் மூன்றையும் அதே நிறுவனத்துக்கு அடுத்த ஏலத்தில் விற்கச் சொல்லி அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் செய்த மோசமான காரியங்களில் இதுவும் ஒன்று.

பன்னிரண்டு நாள் கழித்து, அந்தத் தொகுதியைப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பது ஆண்டுகளாக அஞ்சல் தலைகளைப் பார்த்து வருகிறவர். இடுக்கியால் எடுத்து, ஜன்னலோர வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, முத்திரையின் வட்டம் இந்த எழுத்தைத் தாண்டுகிற இடத்தைப் பாரும். வட்டம் மேலே கிடக்கிறதா, எழுத்து மேலே கிடக்கிறதா?”

பார்த்தேன். முத்திரையின் கறுப்பு வட்டம் எழுத்தின் ஓரம் வரை வந்து நின்றுவிட்டது. எழுத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. எழுத்தின் மை வட்டத்தை மூடிக்கொண்டு பளபளவென்று கிடந்தது. அவர் மேற்கொண்டு விளக்கவே தேவையில்லை. தலையில் மேலச்சு விழுந்து, அது விற்பனைக்கு வந்து, உறையில் ஒட்டப்பட்டு, அதன் பிறகுதான் முத்திரை விழும். முத்திரையின் மை மேலேதான் இருக்க வேண்டும். இங்கே முத்திரை குத்திய பழைய எட்டுக் காசுத் தலைகளை எடுத்து, பிற்காலத்தில் யாரோ தலைகீழாக ‘நான்கு பை’ அச்சடித்திருக்கிறார்கள். நான்கு தலைகளில் மூன்றில் இதே கதைதான். நான்காவதில் வட்டமும் எழுத்தும் சந்திக்கவே இல்லை.

அன்றே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இரண்டு வரியில் வந்தது: திருப்பி அனுப்பப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள்தான் அவகாசம், அது முடிந்துவிட்டது. அப்போதுதான் பின்பக்க விதிகளை எடுத்துப் படித்தேன். ஏழு நாள் என்று போட்டிருந்தது உண்மைதான். “கேட்பவர் எழுதிய தொகைக்கு மிகாமல் விற்கப்படும்” என்றும் இருந்தது. அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேல் என்ற பேச்சே அதில் இல்லை. அதாவது, நான் எழுதிய முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ள நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

விலை கூடிய எதையும் வாங்குவதற்கு முன், நிபுணர் சான்றுக்காக அவகாசத்தை நீட்டிப்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் இதற்கு ஒப்புக்கொள்ளும். ஆனால் பணம் கட்டும் முன், படிவத்தோடு சேர்த்தே கேட்டுவிட வேண்டும். லண்டனில் ராயல் ஃபிலடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு போன்ற அமைப்புகள் தலையைப் பார்த்து அசல், போலி என்று சான்று தருகின்றன. செலவும் மாதங்களும் ஆகும்; சாதாரணத் தலைக்குக் கட்டாது. ஆனால் ‘தலைகீழ்’, ‘இரட்டை மேலச்சு’ என்று ஒரே வார்த்தையால் விலை பல மடங்கு ஏறுகிற தலையை, சான்று இல்லாமலும் அவகாசம் இல்லாமலும் வாங்கவே வாங்காதீர்கள். ஏலம் முடிந்ததும் எந்த லாட் எவ்வளவுக்குப் போனது என்ற விலைப்பட்டியலை அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள். நான் மூன்று முறை கேட்டும் அவர்கள் அனுப்பவில்லை.

இனி அப்பாவின் தலைக்கு வருகிறேன்.

அப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார். அலுவலகத்தில் பழைய வழக்குக் கட்டுகளைக் கழிக்கும்போது, எறியப் போகும் உறைகளைக் கேட்டு வாங்கி வருவார். இரவில் கும்பாவில் தண்ணீர் வைத்து, தலைகளை ஊறவிட்டு உரித்து, செய்தித்தாள் நடுவே காயவைப்பார். 1888 நான்கு சக்கரம் அப்படிக் கிடைத்ததுதான். அதன் தனித்தன்மை நிறத்திலோ படத்திலோ இல்லை, காகிதத்தில் இருக்கிறது. முதல் அச்சு வரிக் காகிதத்தில் வந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். அடுத்து வந்தவை சங்கு நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள் தெரியும் குறி) உள்ள சாதாரணக் காகிதத்தில் அச்சானவை; அதே பச்சை, அதே சங்கு. முன்பக்கம் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் நீர்க்குறி உள்ளது எங்கும் மலிவாகக் கிடைக்கும். வரிக் காகிதத்தில் உள்ளது அருமை.

மூன்றுக்கும் சேர்த்து 6,000க்குக் குறையாமல் விற்கச் சொல்லியிருந்தேன். மோசடி தெரிந்ததும் உடனே திருப்பி அனுப்பச் சொன்னேன். “ஏலத்தில் சேர்த்தாயிற்று” என்றார்கள். பிறகு “விற்கவில்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு சக்கரமும் இரண்டு சக்கரமும் என்னுடையவையே. பச்சையை மேசை விளக்குக்கு நேரே பிடித்தேன். கோடுகள் இல்லை. காகிதத்துக்குள் வெளிறிய சங்கு ஒன்று தெரிந்தது.

அவர்கள் முதலில் அனுப்பிய ரசீதை எடுத்தேன். “திருவிதாங்கூர் 1888, பயன்படுத்தியவை, 3” என்று மட்டும் இருந்தது. வரிக் காகிதம் என்ற சொல் இல்லை. ரசீது வந்த அன்றே அதைத் திருத்தி எழுதி வாங்கியிருக்க வேண்டும். என்னிடம் இருந்தது கைபேசியில் எடுத்த முன்பக்கப் படம் ஒன்றுதான். அதில் அப்பாவின் தலையின் இடது கீழ் மூலையில், ஓரத் துளைவரிசையின் பல் ஒன்று ஒடிந்திருக்கிறது. திரும்பி வந்ததில் எல்லாப் பற்களும் முழுதாக இருக்கின்றன. இதைக் காட்டியபோது, அந்தப் படம் எந்தத் தலையின் படமாகவும் இருக்கலாம் என்று பதில் எழுதினார்கள்.

விற்க அனுப்புகிறவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: முன்பக்கம், பின்பக்கம், வெளிச்சத்துக்கு எதிரே என்று மூன்று படமாவது எடுங்கள். காகிதம், நீர்க்குறி, ஒடிந்த பல், மெலிந்த இடம் எல்லாவற்றையும் எழுதி, அதில் அவர்கள் கையெழுத்தை வாங்கிய பிறகு தலையை அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய நினைப்பில் போகாமல், பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்குமா, காப்பீடு செய்ய முடியுமா என்று கவுன்ட்டரில் கேட்டுப் பணம் கட்டுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, அந்த மேலச்சுத் தொகுதியைத் திருப்பி அனுப்பினால் ‘நல்லெண்ணத்தில்’ 6,000 தருவதாக இறங்கி வந்தார்கள். படம் எடுத்துவைத்துக்கொண்டு அனுப்பினேன், பணம் வந்தது. ஐந்து மாதம் கழித்து நண்பர் ஒருவர் அவர்களுடைய புதிய பட்டியலைக் காட்டினார். அதே தொகுதி, நான்கு தலைகளிலும் முத்திரை விழுந்த கோணம்கூட மாறவில்லை. “தலைகீழ் மேலச்சு, மிக அரிது” என்று போட்டிருந்தது. போலி என்று நான் எழுத்தில் சொல்லி, அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதை இன்னொருவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். கடிதங்கள், உறைகள், பட்டியல் புத்தகம் எதையும் எறியாதீர்கள். என் புகாரோடு அவை எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

யாராவது அண்மையில் திருவிதாங்கூர் நான்கு சக்கரம், பச்சை, வரிக் காகிதம், முத்திரை குத்தியது வாங்கியிருந்தால், இடது கீழ் மூலையை ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு பல் ஒடிந்திருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அப்பா பென்சிலால் மிக மெல்லிதாக ‘4’ என்று எழுதியிருப்பார்; அவர் எழுதும் நான்கின் கால் சற்று இடப்பக்கம் வளைந்திருக்கும். நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.