பற்றுச்சீட்டில் மட்டும் மாற்றப்பட்ட ஒயில் சீல்: லான்ட்மாஸ்டர் வைத்திருப்போர் கவனத்திற்கு

யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு கராஜில், என் லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டியின் இரு சில்லுகளையும் கழற்றிப் பேரிங்குகளைக் கழுவி, புதுக் கிறீஸ் அடைத்து, ஒயில் சீல்களையும் (கிறீஸ் வெளியேறாமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் ரப்பர் விளிம்புள்ள வளையங்கள்) மாற்றியதாகப் பற்றுச்சீட்டு எழுதி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள் செய்தது, ஹப்பின் (பேரிங்குகள் இருக்கும் சில்லின் நடுக்குடம்) வெளிமூடியைத் தட்டிக் கழற்றி, அதற்குள் கொஞ்சம் கிறீஸை அப்பி, மூடியைத் திரும்ப அடித்துவிட்டது மட்டுமே.

வேலணையிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் வந்துகொண்டிருந்தபோது இடது சில்லு இரைந்து ஆடத் தொடங்கியது. ஹப்பில் கை வைக்க முடியாத சூடு. வேறொரு மெக்கானிக் அதைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். உட்பக்கப் பேரிங்கில் இருந்த பழைய கிறீஸ், தண்ணீர் கலந்து பால்போல் வெளிறியிருந்தது. சீலின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தது. உருளைகள் சூட்டினால் நீலம் பாய்ந்திருக்க, அவை ஓடும் வெளிவளையத்தில் துருக்குழிகள் விழுந்திருந்தன. மூடிக்குள் அப்பும் கிறீஸ் உட்பக்கப் பேரிங்கைச் சென்றடையாது என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். அப்படியிருந்தும், முதல் கராஜின் உரிமையாளர் என் முகத்தைப் பார்த்து, "ஐயா, நீங்கள் பாரம் கூட ஏற்றியிருப்பீர்கள்" என்றார். அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. பாரத்தோடு வீதியில் சில்லு கழன்றிருந்தால் பின்னால் வருபவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

கடல்நீர் தெறிக்கும் தீவகப் பாதைகளிலும் மாரிவெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளிலும் ஓடும் வண்டிக்கு இந்த வேலை அரைகுறையாக நடக்கக் கூடாது. ஹப்பை முழுமையாக இறக்கி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திய பின், உருளைகளின் அகன்ற பக்கத்திலிருந்து கிறீஸை அழுத்தி, அது மறுபக்கத்தால் பிதுங்கும்வரை அடைக்க வேண்டும். ஹப்பின் வெற்றிடத்தை நிரப்பித் திணித்தால் அதுவும் சூட்டையே கூட்டும். பழைய கிறீஸை வழித்தெடுக்காமல் வேறு வகைக் கிறீஸை மேலே போட்டால், சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி வழிந்துவிடும். பேரிங்கை மாற்றுவதானால் உள்வளையம், வெளிவளையம் இரண்டையும் சோடியாகவே மாற்ற வேண்டும். அச்சு நட்டை, சில்லைச் சுழற்றியபடி இறுக்கிப் பின் சற்றுத் தளர்த்தி, அது கழலாமல் பிடிக்கும் புதுக் கொட்டர்பின் போட வேண்டும். இவற்றில் எதையும் உங்கள் கண் முன்னால் செய்ய மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். கழற்றிய பழைய சீலையும் பேரிங்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில மைல் ஓடியபின் இரு ஹப்புகளையும் தொட்டுப் பாருங்கள்: ஒன்று மற்றதைவிடக் கூடுதலாகச் சுட்டால், பாரம் ஏற்ற முன்னர் திறந்து பார்க்க வேண்டும்.

பற்றுச்சீட்டும் அந்த வெடித்த சீலும் என்னிடம் உள்ளன. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். இதே நிலைக்கு ஆளானவர்கள் 1977 என்ற இலக்கத்திற்கு அழைத்தும் விபரம் கேட்கலாம்.