முதல் அறிவியல் புனைகதை: ஜீனோவா, செவ்வாயா?

அறிவியல் புனைகதைப் பக்கமே போகாதவர் "ஒன்று சொல்லுங்கள்" என்றால் எனக்கு இரண்டு நாவல்கள் நினைவுக்கு வரும்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021இல். ஜீவா ஆளும் நாட்டில் பெயருக்கு இரண்டே எழுத்து, பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போக, துணைக்கு வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும். மனிதர்களைவிட அதுதான் மனதில் நிற்கிறது. கதை சொல்லும் 2021ஐ நாம் கடந்துவிட்டதால், இப்போது படிக்க இன்னும் வேடிக்கை.

ஆண்டி வியரின் 'தி மார்ஷியன்' வேறு ரகம். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு பயிரிடுகிறான். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைச் சிதைத்துத் தண்ணீர் தயாரிக்கிறான். கணக்கு பிடிக்காதவர்களுக்குச் சில பக்கங்கள் இழுக்கும். தொடக்கத்தில் வரும் புழுதிப் புயலும் கொஞ்சம் ரீல்தான்: செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, அது ராக்கெட்டைச் சாய்க்காது.

அறிவியல் துல்லியம் வேண்டுமென்றால் வியர். ஒரே மூச்சில் முடிக்க, சந்தேகமே இல்லாமல் ஜீனோ. பிடித்துவிட்டால் 'மீண்டும் ஜீனோ'வும் இருக்கிறது.